திறமையுள்ள பிள்ளை வீசும் பந்துகளை யார் எண்ணுகிறார்கள்?

கொழும்புப் பாடசாலை மைதானங்களிலிருந்து இயன் மருத்துவத்துக்காக (பிசியோதெரபி) என்னிடம் அனுப்பப்படும் பதின்ம வயதினரிற் பலர், விழுந்தோ மோதியோ காயப்பட்டவர்கள் அல்லர். ஒரே அசைவைப் போதிய ஓய்வின்றித் திரும்பத் திரும்பச் செய்ததால் வந்த நோவோடு வருபவர்கள். அவர்களுள்ளும் அணியின் மிகச் சிறந்த பிள்ளையே அதிகம் வருவது வியப்பன்று. 15 வயதுக்குட்பட்டோர் அணியின் வேகப்பந்து வீச்சாளரை 17 வயது அணியும் கேட்கிறது. சனிக்கிழமை கழகத்தில் ஆட்டம். இடைப்பட்ட மாலைகளில் தனிப் பயிற்றுநர். ஒவ்வொருவரும் கேட்பது நியாயமான அளவுதான். ஆனால், எல்லா இடங்களிலும் வீசியதைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு ஒருவரிடமும் இல்லை. திறமை குறைந்த பிள்ளைக்கு இந்த ஆபத்து குறைவு, ஏனெனில் அவரை ஒருவரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை.

வளரும் எலும்பின் நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டு, குருத்தெலும்பாலானது. தசைநாண்களையும் மூட்டு நார்களையும் விட வலுக் குறைந்தது. முழங்காற் சில்லுக்குக் கீழே வீங்கி நோகும் ஒஸ்குட்-ஷ்லாட்டர், குதிக்காலில் வரும் சீவர் ஆகிய நோய்கள் திடீரென உயரும் வயதில் இவ்விடங்களில் ஏற்படும் இழுவையின் விளைவுகள். ஓட்டத்தையும் பாய்தலையும் சில காலம் குறைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். அவற்றைக் கண்டு பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை.

நான் அஞ்சுவது வேகப்பந்து வீசும் பிள்ளையின் நாரி (கீழ்முதுகு) நோவுக்கு. பந்தை விடும் கணத்தில் உடல் பின்னும் பக்கமுமாக வளைந்து திரும்பும்போது, முள்ளந்தண்டின் கீழ் முள்ளெலும்புகளின் பின்வளைவில் விசை குவிகிறது. வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விசை விழுவதால் எலும்பில் உண்டாகும் மெல்லிய வெடிப்பு, ஏற்படுகிறது. தொடக்க நிலையில் சாதாரண எக்ஸ்-ரே அதைக் காட்டாமல் விடலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. தேவைப்படக்கூடும். நாரிப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்ந்து வீசினால், சில மாத ஓய்வோடு பொருந்தவேண்டிய எலும்பு பொருந்தாமலே போய்விடலாம். பின்புறம் வளையும்போது ஒரு பக்கத்தில் நோகிறது என்று பிள்ளை சொன்னால், அன்றே பந்துவீச்சை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுவதே முறை.

இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை நெடுங்காலம் பின்பற்றிய வழிகாட்டலில், 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 14, 15 வயதுக்குட்பட்டோருக்கு முறையே 6, 12 ஓவர் என்பதே உச்ச வரம்பு. போட்டி ஓவர்களை மட்டும் எண்ணி இதைக் கடைப்பிடித்ததாகக் கருதுவோர் பலர். வலைப்பயிற்சியில் வீசுவதும் எலும்புக்குப் பந்துதான். ஆகவே, எத்தனை பந்து, எங்கே, நோ இருந்ததா என்று பிள்ளையே ஒரு கொப்பியில் தினமும் எழுதி, எல்லாப் பயிற்றுநரிடமும் காட்டவேண்டும். எந்த விளையாட்டாயினும், வாரப் பயிற்சி மணித்தியாலங்கள் பிள்ளையின் வயதைத் தாண்டாமலும், வாரத்தில் குறைந்தது ஒரு முழு நாள் ஓய்வும், அதே விளையாட்டிலிருந்து ஆண்டில் மொத்தம் மூன்று மாதமளவு விலகலும் இருப்பது நல்லது. பாடசாலைகளுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் பிக் மெட்ச் நெருங்கும் மாதங்களில் இதைச் சொன்னால் என்மீது கோபப்படுவார்கள், சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஓடும் பெண்பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பயிற்சி முடிந்து ஒரு பற்றீசோடு ரியூசனுக்குப் போய், இரவு களைத்து உறங்கிவிடும் பிள்ளைக்கு, செலவழித்த சக்திக்கு ஈடான உணவு கிடைப்பதில்லை. அதன் அடையாளமாக மாதவிடாய் மூன்று மாதம் வராதிருந்தால், "ஓடுகிற பிள்ளைதானே" என்று விட்டுவிடக்கூடாது. எலும்பு அடர்த்தி சேரவேண்டிய வயதில் அது குறைகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. ஆண் பயிற்றுநரிடம் சொல்ல வெட்கப்படும் பிள்ளைகளே அதிகம். எனவே பாடசாலையில் ஓர் ஆசிரியை இதைக் கேட்டறியும் பொறுப்பை ஏற்கவேண்டும்.

போட்டியன்று காலையில் வலி மாத்திரை கொடுத்து இறக்குவது மட்டும் எந்நிலையிலும் வேண்டாம். நொண்டுதல், மூட்டு வீக்கம், உறக்கத்தைக் கலைக்கும் நோ ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும், அடுத்த பயிற்சிக்கு முன் வைத்தியரைக் காணுங்கள். அந்தக் கொப்பியையும் கையோடு கொண்டுவாருங்கள்.