துருவமற்ற கரைப்பானா, முனைவற்ற கரைப்பானா?

"துருவமற்ற கரைப்பான்களில் துருவமற்ற பொருட்கள் கரையும்." ஆங்கிலத்தின் 'நான்-போலார்' என்பதைத் 'துருவமற்ற' என்று பெயர்த்து எழுதும் இந்த வரியை வேதியியல் கட்டுரைகளில் படித்துப் படித்து அலுத்துவிட்டது. வடதுருவம் தெரியும், தென்துருவம் தெரியும். ஹெக்சேன் என்ற கரைப்பானுக்கும் துருவத்துக்கும் என்ன உறவு?

சொல்லின் கதை சின்னது. ஆங்கிலத்தின் 'போலார்' கிரேக்க 'போலோஸ்' என்பதிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. அச்சு, சுழல்முளை என்று பொருள். துருவம் வடமொழி, அசையாது நிலைத்திருப்பது. முனை நம்முடையது; நுனி, கடைசி.

வடமொழி என்பதற்காக நான் துருவத்தை விரட்டவில்லை. பூமிக்கு அது இருக்கட்டும். ஆனால் மூலக்கூறு விஷயத்தில் நாம் பேசுவது ஓர் இடத்தைப் பற்றி அல்ல, கூடவும் குறையவும் செய்கிற ஒரு தன்மையைப் பற்றி. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு பக்கம் எதிர்மின் சாயல், மறுபக்கம் நேர்மின் சாயல். இதன் அளவு, டிபை என்ற அலகில், நீருக்கு 1.85, குளோரோஃபார்முக்கு 1.04, கார்பன் டெட்ராகுளோரைடுக்கு 0. இந்தத் தன்மைக்கு முனைவு என்று பெயர் வைத்து, முனைவு மிக்கது, முனைவு குறைந்தது, முனைவற்றது என்று சொன்னால் சட்டென்று விளங்குகிறது. 'துருவம் குறைந்தது' என்று எழுதிப் பாருங்கள். இரண்டில் ஒன்று தொலைந்துபோனதோ என்று தோன்றும்.

'முனையற்ற' என்று எழுதுகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். கார்பன் டெட்ராகுளோரைடில் நான்கு பிணைப்புகளுமே முனைவுள்ளவை. நான்முகி வடிவம் என்பதால் அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன, அவ்வளவுதான். முனைகள் இருந்தும் மொத்தத்தில் முனைவு இல்லை. முனை வேறு, முனைவு வேறு. பாடநூல்கள் இதைத் தெளிவாகவே வைத்திருக்கின்றன. மேலே டிபையில் சொன்ன அளவுக்கு 'இருமுனைத் திருப்புத்திறன்' என்ற பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, அடுத்த வரியிலேயே 'துருவமற்ற' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களை என்ன செய்வது? எந்திரம் கொடுத்ததை அப்படியே ஒட்டுகிறார்கள் போலும்.

சரி, கரைதலுக்கு வருவோம். ஒரு லிட்டர் நீரில் அயோடின் ஏறத்தாழ 0.3 கிராம்தான் கரையும், வெளிர்பழுப்பு நிறம். அதன்மேல் ஹெக்சேன் ஊற்றிக் குலுக்கினால், மேலே மிதக்கும் ஹெக்சேன் படலம் ஊதாவாக மாறும். கீழே நீர் வெளுக்கும். அயோடின் ஹெக்சேனுக்குக் குடிபோய்விட்டது. வெறும் ஹெக்சேனில் உப்பைப் போட்டால் அப்படியே அடியில் கிடக்கும். சோடியம், குளோரைடு அயனிகளின் இறுக்கமான கட்டைப் பிரிக்க ஹெக்சேனிடம் ஈடாகக் கொடுக்க எதுவும் இல்லை. நீர் அயோடினை வெறுப்பதாகச் சொல்வதும் தப்பு. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்திருக்கின்றன, இடைவெளி விட மனமில்லை.

அயோடினும் ஹெக்சேனும் எப்படி ஒட்டுகின்றன? எலக்ட்ரான்கள் ஒரு கணம் ஒரு பக்கம் ஒதுங்க, மூலக்கூறு அந்தக் கணத்துக்கு மட்டும் முனைவுறுகிறது. பக்கத்து மூலக்கூறையும் முனைவுறச் செய்கிறது. இந்தச் சின்ன ஈர்ப்புதான் காரணம். முனைவு என்ற பெயரிலிருந்து 'முனைவுறு' என்ற வினை தானாக வருகிறது. துருவக் கட்சிக்காரர்கள் இங்கே என்ன எழுதுவார்கள்? 'துருவமயமாகிறது' என்றால் அது தேர்தல் செய்தி.