தட்டைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்

சில வருடங்களுக்கு முன் ஒருவர் பெரிய தட்டு ஒன்றைப் போர்வையில் சுற்றி என்னிடம் எடுத்து வந்தார். நடுவில் ஒரு பெண்ணின் முகம், சுற்றிலும் நீலமும் மஞ்சளுமாகக் கொடி வேலை. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் தெருதா ஊரில் செய்த மயோலிக்கா என்ற வண்ண மட்பாண்டம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், இவரும் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கியிருக்கிறார். பின்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஓரிடம் மட்டும் பளபளப்பில்லாமல் மங்கியிருந்தது, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. அங்கே இருந்த முத்திரையை யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள்.

ஃப்ளாரன்ஸில் கந்தகள்ளி என்ற பட்டறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுமலர்ச்சிக் காலத்துப் பாணியில் அருமையான தட்டுகளைச் செய்தது, அடியில் ஒரு சேவலை வரைந்து தன் வேலை என்று நேர்மையாகச் சொல்லிவிடும். தேய்க்கப்பட்டது அந்தச் சேவல்தான் என்பது என் ஊகம். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இன்று கந்தகள்ளியையே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், சேவலோடு விட்டிருந்தால் அந்தத் தட்டுக்கு நல்ல மரியாதை கிடைத்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், அடியில் எழுதியிருப்பதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தூரிகையைப் பாருங்கள். மயோலிக்கா என்பது சாதாரணக் களிமண்தான். ஒருமுறை சுட்டு, வெள்ளீய ஆக்சைடு கலந்த வெள்ளைப் பூச்சில் முக்கி எடுத்து, அது மாவு மாதிரி காய்ந்ததும் அதன்மேல் வரைந்து மறுபடி சுடுவார்கள். அந்த மாவு தூரிகையில் இருக்கும் வண்ணத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடும், அழித்து எழுத வழியில்லை. எனவே கை பழகிய ஓவியர் தயங்காமல் இழுத்திருப்பார், கோடு தொடங்கும் இடத்தில் தடித்தும் முடியும் இடத்தில் மெலிந்தும் இருக்கும், ஒரே தட்டில் இருக்கும் இரண்டு இலைகள்கூட அச்சாக ஒன்றுபோல இருக்காது. பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சிட்டு ஒட்டிய படம்.

அப்புறம் தேய்மானம். நிஜமாகப் புழங்கிய பொருளில் கால்வளையம், அதாவது பொருள் தரையில் உட்காரும் அடிவிளிம்பு, சீராகத் தேயாது, கீறல்களும் பல திசைகளில் ஓடும்.

சரி, இப்போது திருப்பலாம். ஆங்கிலத்தில் ‘ITALY’ என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் ஏற்றுமதிக்குச் செய்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சொல் இல்லாததால் மட்டும் பொருள் பழையதாகிவிடாது, உள்ளூரில் விற்றதற்கு அது தேவைப்படவில்லை, காகித லேபிள்கள் உதிர்ந்தும் போயிருக்கும். வெறும் எண்ணும் நாட்டின் பெயரும் மட்டும் இருக்கும் ஜாடிகளை அலட்சியமாக ஒதுக்கிவிடாதீர்கள். மொந்தெலூப்போ ஊரின் பித்தோஸ்ஸி பட்டறையில் ஆல்டோ லோந்தி வடிவமைத்த, நீல நிறத்தில் அச்சுக் குத்திய கோலங்கள் கொண்ட ‘ரிமினி புளூ’ பாத்திரங்கள் பல வீடுகளில் கரண்டி போட்டு வைக்கும் ஜாடியாகக் கிடக்கின்றன.

விலைக்கு வருவோம். இணையத்தில் விற்கிறவர் கேட்கும் தொகை விலை ஆகாது, ஏலத்தில் உண்மையில் விலைபோன தொகையைப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டுத் தட்டின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருப்பதை வாங்குபவர் பொறுத்துக்கொள்வார், 1960-களின் ஜாடியில் பொறுக்கமாட்டார். மறைத்த பழுதுதான் இரண்டிலும் ஆபத்து. இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பிற்காலத்தில் பூசிய வண்ணம் பெரும்பாலும் தனி நிறமாகத் தெரியும். விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் ஓசை அடைத்துப்போய் வரும்.

விற்க நினைப்பவர்கள் தயவுசெய்து எதையும் ஒட்டவோ பிளீச்சில் ஊறவைக்கவோ வேண்டாம். உள்ளே இருப்பது தண்ணீர் குடிக்கும் மண், விரிசல் வழியாக அழுக்கும் உள்ளே இறங்கிக் கறையாக நின்றுவிடும், அதை எடுப்பது பெரும் பாடு. பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும், எனவே எலுமிச்சை, தக்காளி, ஊறுகாய் என்று புளிப்பான எதையும் அதில் பரிமாறாதீர்கள். மதிப்பீட்டுக்குப் படம் அனுப்பும்போது முன்பக்கம் ஒன்று போதும். பின்பக்கம் முழுவதும், கால்வளையம், உடைந்த இடங்கள் எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் நெருக்கமாக எடுத்து அனுப்புங்கள்.