பிளேட்லெட் ஏறியிருக்கா? ஆஸ்பிரினைக் கீழே வையுங்க

"ஏனுங்க டாக்டர், பிளேட்லெட் ஏறிப்போச்சுங்க. ரத்தம் கெட்டியாயிருச்சுங்களா? மருந்துக்கடையில தெனம் ஒரு ஆஸ்பிரின் போடச் சொன்னாங்க." மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டும் கையுமாக வருபவர்களில் பலர் நாலைந்து மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வருகிறார்கள்.

பிளேட்லெட் என்பது காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் நுண்ணிய அணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. ஒரு லேப் 5.2 லட்சம் என்று அச்சடிப்பதை இன்னொரு லேப் ஆயிரக்கணக்கில் 520 என்று அச்சடிக்கும். இரண்டும் ஒன்றுதான், பதறாதீர்கள்.

ரத்தம் கெட்டியாவது பெரும்பாலும் சிவப்பணுக்களால். அவை அதே ஒரு மைக்ரோலிட்டரில் 40, 50 லட்சம் இருக்கும். பிளேட்லெட் அதைவிட மிகச் சிறியது, எண்ணிக்கையிலும் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். ஆஸ்பிரின் ரத்தத்தைத் தண்ணியாக்குவதுமில்லை, பிளேட்லெட்டில் ஒன்றைக் குறைப்பதுமில்லை. அவை ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும், அவ்வளவே. அதனால் ரத்தக்கசிவு கூடும்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணின் ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கும்: பிளேட்லெட் 5.6 லட்சம், அதே தாளில் நாலு வரி மேலே ஹீமோகுளோபின் 8, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 68, இரண்டுமே குறைவு. அம்புக்குறி போட்ட கடைசி வரியை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டு வருவார். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போய் இரும்புச்சத்து வற்றியிருக்கிறது, அதனால் பிளேட்லெட் ஏறியிருக்கிறது. இவர் ஆஸ்பிரின் போட்டால் ரத்தப்போக்கு இன்னும் கூடும், இரும்பு இன்னும் இறங்கும், பிளேட்லெட் இன்னும் ஏறும்! இவருக்குத் தேவை இரும்பு மாத்திரை. டீ, காபி, பாலோடு வேண்டாம், இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் விடாதீர்கள்.

காய்ச்சல், சீழ்க்கட்டி, ஆபரேஷன், மூட்டுவாதம் எல்லாவற்றிலும் பிளேட்லெட் ஏறலாம். விபத்தில் மண்ணீரல் எடுத்தவர்களுக்கும் ஏறும். டெங்குவில் 40 ஆயிரத்துக்கு இறங்கியது, குணமான பின் 5 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. அது எலும்பு மஜ்ஜையின் வேலை, பப்பாளி இலைச் சாற்றின் புண்ணியமல்ல.

காரணம் தெரியாவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுங்கள், கூடவே ஸ்மியர் (ரத்தத்துளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது). உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால்தான் சி.ஆர்.பி.யும். கடுமையான ரத்தசோகையில் உடைந்த சிவப்பணுத் துண்டுகளையும் மெஷின் பிளேட்லெட் என்று எண்ணிவிடும், ஸ்மியரில் அது தெரிந்துவிடும்.

இருதயத்துக்கு டாக்டர் ஆஸ்பிரின் எழுதியவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீங்க, தயவுசெய்து.

10 லட்சத்தைத் தாண்டினால் தள்ளிப்போடாதீர்கள். அந்த அளவில் ரத்தம் உறையவும் செய்யும், கசியவும் செய்யும். ஒரு பக்கம் கைகால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது என்றால் எண்ணிக்கை எதுவானாலும் நேராக அவசரப் பிரிவுக்கு.

வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வாங்க. இரண்டு வருடம் முன்பே 6 லட்சம் இருந்து, இரும்பும் சி.ஆர்.பி.யும் சரியாக இருந்தால் பேச்சு வேறு, எலும்பு மஜ்ஜையே தானாக அதிகம் உற்பத்தி செய்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்போதுதான் ஜாக்2 மரபணுப் பரிசோதனை, தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை.