கலப்புக் காடையும் பொரிக்காத முட்டையும்

இன்குபேட்டரில் வைத்த ஜப்பானியக் காடை முட்டை 17, 18 நாளில் பொரிந்துவிடும். பொரிக்காமல் தங்கியதை உடைத்துப் பார்த்தால் சிலது வெறும் கூமுட்டை, கருவே கூடியிருக்காது. சிலதில் கரு வளர்ந்து, நடுவிலோ கடைசி நாட்களிலோ செத்திருக்கும். சூடும் ஈரப்பதமும் சரியாக இருந்தும் இப்படித் தொகை தொகையாகச் சாகிறதென்றால், சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காடை ஆறேழு வாரத்தில் முட்டைக்கு வந்துவிடுவதால், சின்னப் பண்ணையில் ஒரே வருடத்துக்குள் எல்லாம் அண்ணன் தங்கையாகிவிடும். ஒவ்வொரு பறவையும் சில கெட்ட மரபணுக்களைச் சத்தமில்லாமல் சுமக்கிறது. அதே கெட்ட பிரதி அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்து சேர்ந்தால் கரு தாங்காது. உடன்பிறந்தவற்றை இணைத்தால், குஞ்சின் மரபணு இடங்களில் சராசரியாக 25 சதவீதத்தில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையுடையதாக இருக்கும். அடுத்த தலைமுறையிலும் அப்படியே செய்தால் 37.5. 1960களில் கலிபோர்னியாவில் இதைச் செய்து பார்த்தார்கள். பொரிப்பு சரிந்து, சில தலைமுறைகளிலேயே வர்க்கங்கள், அதாவது ஒரே வழியில் வளர்த்த காடைக் கூட்டங்கள், அற்றுப்போயின. கோழி இதை ஓரளவு தாங்கும், காடை தாங்காது.

உறவில்லாத இன்னொரு வர்க்கத்தோடு கலந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடும். ஆனால் முழுப் பலன் உடனே கிடைக்காது. கலப்பானது கரு மட்டும்தான். ஓட்டின் தடிமன், மஞ்சள் கரு, முட்டையின் அளவு எல்லாம் பழைய பெட்டையின் கைவேலை. கலப்பில் பிறந்த பெட்டையே முட்டையிடும்போதுதான் அந்த மிச்ச லாபமும் வரும். யாரைத் தாயாக வைக்கிறோம் என்பதும் அதனால் முக்கியம்: நன்றாக முட்டையிடும் வர்க்கம் அம்மா பக்கம், உடல் பெருத்தது அப்பா பக்கம் என்பதே பண்ணை வழக்கம். அப்புறம் அந்தக் கலப்புக் குஞ்சுகளை தங்களுக்குள்ளேயே சேர்த்தால் கருவுக்குக் கிடைத்த வீரியத்தில் பாதி போய்விடும். புதுச் சேவல் கொண்டுவருவதே மேல்.

தங்க நிறக் காடை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அந்த நிறத்தைத் தரும் மஞ்சள் மரபணு ஒரு பிரதி இருந்தால் இறகுக்கு அழகு, இரண்டு சேர்ந்தால் கருவுக்குச் சாவு. தங்கத்தோடு தங்கத்தைச் சேர்த்தால், இரண்டும் எவ்வளவு தூரத்துச் சொந்தமானாலும், கருக்கூடிய முட்டைகளில் கால்வாசி வீண். சாதாரணக் காடையோடு சேர்த்தால் இந்த நஷ்டமே கிடையாது. பொரிக்கும் குஞ்சுகளில் பாதி தங்கம்.