குக்கர் விசில் காது டெஸ்ட் அல்ல

பேச்சு வராத, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் ஹெட்போனில் இசை கேட்கவைக்கும் சிகிச்சையை விற்பவர்கள் சொல்வது இது: "மூளை சத்தத்தைச் சரியா வாங்கல. பத்து நாள் ஹெட்போன் போட்டா பேச்சு வந்துடும்." இதை நம்பிப் பணம் கட்டிவிட்டு வரும் பெற்றோரிடம் காது டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால், சென்னையில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே பதில்: "குக்கர் விசிலுக்குத் திரும்புறானே!"

குக்கர் விசில் பக்கத்து ஃப்ளாட்டுக்கே கேட்கும். மிதமான கேட்புக் குறை உள்ள பிள்ளையும் அதற்குத் திரும்பத்தான் செய்யும். பேச்சு அப்படியல்ல. 'அ', 'உ', 'ம' எல்லாம் கனத்த ஓசைகள். 'பசி'யில் வரும் 'சி' 4000 ஹெர்ட்ஸையும் (நொடிக்கு 4000 அதிர்வு) அதற்கு மேலும் தொடும் கீச்சென்ற மெல்லிய ஓசை. அந்தப் பகுதி மட்டும் கேட்காத பிள்ளை பெயர் சொன்னால் திரும்பும், டிவி விளம்பரத்துக்கு ஓடிவரும். 'பசி' மட்டும் 'பஇ' என்றுதான் காதில் விழும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலோ, ஒரு வாரம் கேட்கும், மறு வாரம் மங்கும். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துகிறான் என்பதற்காக "காது ரொம்ப ஷார்ப்" என்று முடிவு கட்டாதீர்கள். கேட்புக் குறையும் சத்தம் தாங்காமையும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். பிறந்தபோது 'பாஸ்' என்று வந்த ரிப்போர்ட்டும் மூன்று வயதுக்குச் செல்லாது.

அந்த ஹெட்போன் சிகிச்சை பிரான்ஸைச் சேர்ந்த காது மருத்துவர் கீ பெரார் வகுத்தது. வடிகட்டிய இசை, அரை மணி நேரமாக 20 அமர்வு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1998-லேயே இதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது; பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2011 தொகுப்பும் ஆட்டிசத்துக்கு இது பலன் தருகிறது என்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து இரண்டு சொல் வந்தால், கூடவே நடந்த பேச்சுப் பயிற்சியையும் கூடிய வயதையும் கணக்கில் சேருங்கள். இதற்காகப் பேச்சுப் பயிற்சியை நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம்.

முதலில் டிம்பனோமெட்ரி (நடுக்காதைப் பார்க்கும் டெஸ்ட்), ஓஏஇ (உள்காதைப் பார்ப்பது), பெரா (காது நரம்பு சத்தத்தை மூளைக்குக் கொண்டுபோகிறதா என்று பார்ப்பது) மூன்றும் எடுங்கள். ஓஏஇ மட்டும் போதாது. நரம்பில் கோளாறு இருந்தாலும் ஓஏஇ நார்மல் என்று காட்டலாம். பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டும். அன்று சீக்கிரம் எழுப்புங்கள், வரும் வழியில் ஆட்டோவில் தூங்க விடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் இருந்தால் நெற்றியிலும் காதுக்குப் பின்னும் எலக்ட்ரோடு ஒட்டாது. தூக்க மருந்து டாக்டர் முன்னிலையில் மட்டும். சளி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். செலவுதான் தடை என்றால் முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட்டில் (பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம்) விசாரியுங்கள். எங்கே போனாலும் பரிசோதிப்பவரின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றா? எத்தனை டெசிபெலில் போடுகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 75 டெசிபெல், வாரம் 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட, பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் வேகமாகக் குறையும். பிள்ளை அழுதுகொண்டே ஹெட்போனைப் பிடுங்கினால், தயவுசெய்து கையைப் பிடித்து மாட்டாதீர்கள்.

பாட்டுக்கு நான் எதிரி இல்லை. மடியில் வைத்து நீங்களே பாடுங்கள். கடைசிச் சொல்லை விட்டுவிட்டு, அதை அவன் சொல்லட்டும் என்று முகத்தைப் பார்த்து ஐந்து நொடி காத்திருங்கள்.