எடிமாலஜின்னா என்ன, அதுக்கு நல்ல தமிழ்ச் சொல் எது – ஜுவான் கொரோமினஸ் கதையோட

டிக்‌ஷனரியில ஒரு சொல்லுக்குப் பக்கத்துல இது லத்தீன்ல இருந்து வந்தது, இது அரபில இருந்து வந்ததுன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்களே, அந்தத் தேடலுக்குப் பேருதான் எடிமாலஜி. பூச்சிகளைப் பத்தின படிப்பு எண்டமாலஜி, அது வேற, ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

கிரேக்கத்துல எட்டிமோஸ்னா உண்மையானதுன்னு அர்த்தம், லோகோஸ்னா சொல், பேச்சு. ஒரு சொல்லு முதல்ல எப்படி இருந்துச்சுன்னு பார்த்துட்டா அதோட உண்மையான பொருள் கிடைச்சிடும்னு அந்தக் காலத்துல நம்பினாங்க, அதான் அந்தப் பேரு. தமிழ்ல நாம சொற்பிறப்பியல்னு சொல்றோம், சிலர் வேர்ச்சொல் ஆராய்ச்சின்னும் எழுதுறாங்க. எனக்கு சொற்பிறப்பியல்தான் சரின்னு படுது, கிரேக்கப் பேரை விடவே இது பொருத்தம். நாற்றம்னா பழைய தமிழ்ல நல்ல மணம், இன்னைக்கு கெட்ட வாடை, இதுல எது உண்மைன்னு கேட்டா ரெண்டுமேதான். ஒரு சொல்லு எங்க பொறந்துச்சுங்கறது ஒண்ணு, இப்ப எப்படி வாழுதுங்கறது இன்னொண்ணு. பிறப்புங்கற நம்ம சொல்லு அதை மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்குது, உண்மை பொய்னு போகல.

இந்த வேலைக்கு வாழ்க்கை மொத்தத்தையும் கொடுத்தவர்னு ஒருத்தரைச் சொல்லணும்னா நான் ஜுவான் கொரோமினஸைத்தான் சொல்வேன். 1905ல பார்சிலோனாவுல பொறந்தவர், தாய்மொழி கட்டலான். கட்டலான்னா ஸ்பானிஷோட கிளைமொழின்னு இங்க நிறைய பேர் நினைக்கிறாங்க, கிடையாது, அதுவும் ஸ்பானிஷ் மாதிரியே லத்தீன்ல இருந்து நேரா வந்த தனி மொழி, கட்டலோனியா, வலென்சியா, மயோர்க்கா பக்கத்துத் தீவுகள் எல்லாம் பேசுறாங்க, அண்டோராங்கற குட்டி நாட்டுல அதுதான் ஆட்சிமொழி. அந்த மொழிக்கு நவீன எழுத்து விதி, இலக்கணம், அகராதி எல்லாம் அமைச்சுக் கொடுத்த பொம்பேவ் ஃபாப்ராவைத்தான் கொரோமினஸ் தன்னோட குருவா நினைச்சார். ஃபாப்ரா படிச்சது இன்ஜினியரிங், அதை இங்க சொல்லாம விட மனசு வரல.

ஸ்பெயின்ல உள்நாட்டுப் போர் முடிஞ்சு 1939ல ராணுவத் தளபதி ஃபிராங்கோ ஜெயிச்சதும் கட்டலானைப் பள்ளிக்கூடத்துல இருந்தும் ஆபீஸ்ல இருந்தும் தூக்கிட்டாங்க, ஃபாப்ராவும் கொரோமினஸும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாப் போச்சு. ஃபாப்ரா பிரான்ஸ் எல்லையில பிராடாங்கற ஊர்ல 1948ல செத்துப் போனார், திரும்ப முடியல. கொரோமினஸ் அர்ஜென்டினாவுக்குப் போய் மெண்டோசாவுல பாடம் எடுத்தார், 1946ல சிகாகோ யுனிவர்சிட்டிக்குப் போய் இருபது வருஷம் அங்க. அந்த நாடுகடந்த காலத்துலதான் ஸ்பானிஷ் மொழிக்கே பெரிய சொற்பிறப்பியல் அகராதி எழுதினார், 4 தொகுதி, 1954ல இருந்து 1957க்குள்ள வந்துச்சு. ஸ்பானிஷ்ல எழுதும்போது கொரோமினாஸ், கட்டலான்ல கொரோமினஸ்னு பேரையே ரெண்டு விதமா போட்டுக்கிட்டார்.

சரி, சொற்பிறப்பியல் எப்படி நடக்குதுன்னு பார்க்கணும்னா அவர் மலையேறின கதையைப் பார்க்கணும். ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல இருக்கற பிரனீஸ் மலையில ஆரான் பள்ளத்தாக்குன்னு ஒண்ணு இருக்கு, டாக்டர் பட்டத்துக்கே அங்க பேசுற பேச்சைத்தான் ஆராய்ஞ்சார். அந்த மலைக்கு மேற்கே பேசுற, லத்தீனோட உறவே இல்லாத பாஸ்க் மொழியில ஆரான்னாலே பள்ளத்தாக்குதான், ஆக அந்தப் பேருக்கு அர்த்தம் பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்கு. நாம நடு சென்டர்னு சொல்றோம்ல, அதே மாதிரி, பழைய மொழி மறந்து போச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு, பின்னாடி வந்தவங்க தங்களுக்குப் புரியிற சொல்லையும் முன்னால சேர்த்துட்டாங்க. அந்த மலைகள்ல பாஸ்க் சாயல் மொழி ஒரு காலத்துல பேசியிருக்காங்கன்னு இந்த மாதிரி ஊர்ப் பேரை வச்சுத்தான் கொரோமினஸ் எடுத்துக் காட்டினார். ஊர் ஊரா நடந்தே போவார், அந்தந்த ஊர்க்காரங்ககிட்ட இந்த ஓடைக்குப் பேரென்ன, அந்தப் பாறைக்குப் பேரென்னன்னு கேட்டு அவங்க வாயால எப்படி சொல்றாங்களோ அப்படியே எழுதிக்குவார், அப்புறம் பழைய பத்திரங்கள்ல அதே பேரு எந்த எழுத்துல இருக்குன்னு வச்சுப் பார்ப்பார்.

இடதுங்கறதுக்கு கட்டலான்ல எஸ்கெர்ரா. லத்தீன்ல இடதுக்கு இருந்த சொல்லு அபசகுனம்ங்கற அர்த்தத்துக்குப் போயிடுச்சு, அதனால ஜனங்க வாயில அதை எடுக்கத் தயங்கி பாஸ்க்ல எஸ்கெர்னு இருக்கற சொல்லோட உறவுச் சொல்லை எடுத்துக்கிட்டாங்க. இடது கைன்னா நம்மகிட்டயும் நொட்டாங்கை, பீச்சாங்கைன்னு தனித்தனிப் பேரு இருக்கறதை நினைச்சுப் பார்த்தா அந்தத் தயக்கம் நமக்கு நல்லாவே புரியும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆரஞ்சுக்கு ஸ்பானிஷ்ல நராஞ்ஹா, பக்கத்துலயே இருக்கற கட்டலான்ல தரோஞ்ஜா. ரெண்டும் ஒரே சொல்லு, எழுத்து மாறிடுச்சுன்னு தோணும். அங்கதான் தப்பு. நராஞ்ஹா அரபி நாரஞ்ச்ல இருந்து வந்தது, அது பாரசீகம், சமஸ்கிருதம்னு பின்னாடி போய் நம்ம நாரத்தையோட குடும்பத்துல முடியுதுன்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. தரோஞ்ஜா துருஞ்ச்ங்கற வேற அரபிச் சொல்லு, அது தடிச்ச தோல் உள்ள வேறொரு எலுமிச்சை வகைப் பழத்தோட பேரு. காதுல ஒண்ணு போல விழுதுங்கறதை மட்டும் வச்சு முடிவு கட்டக்கூடாது, அது நம்ம ஆளுங்க இணையத்துல தினமும் பண்றதுங்கறது எனக்கு நெஜமாவே வருத்தம், தமிழ் மேல பாசம் இருந்தா இன்னும் அதிகமா ஆதாரம் தேடணும். தொல்காப்பியரே "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா"ன்னு சொல்லிட்டார், சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்துச்சுன்னு பார்த்த உடனே தெரியாதுங்கறார்.

தன் தாய்மொழிக்கான பெரிய அகராதி வெளிவர ஆரம்பிச்சப்போ கொரோமினஸுக்கு 75 வயசு. 1980ல முதல் தொகுதி, 1991ல ஒன்பதாவது. ஸ்பெயின் அரசு கொடுக்க வந்த ஒரு பெரிய விருதை, கட்டலானை அந்த அரசு நடத்துற விதத்துக்காக வேண்டாம்னுட்டார். நம்ம பக்கம் 1974ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச சொற்பிறப்பியல் அகரமுதலிக்கு முதல் இயக்குநர் பாவாணர், 1981ல அவர் இறந்ததுக்கு அப்புறம்தான் முதல் மடலம் அச்சாச்சு. கொரோமினஸ் அந்த விதத்துல கொடுத்து வச்சவர், ஊர்ப் பேர்களுக்காக அவர் எழுதின 8 தொகுதியும் 1997ல முடிஞ்சுது, அதே வருஷம் ஜனவரி 2ஆம் தேதி கடலோரம் பினேடாங்கற ஊர்ல காலமானார்.