சுழியோடி: ஸ்கூபாவுக்கு முன்பே நம்மிடம் இருந்த சொல்

ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலைப் பக்கம் நிலாவெளி போய் வந்த மருமகள், "மாமா, புறாமலையடியில ஸ்கூபா டைவிங் செய்தனான்" என்றாள். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. "சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில போறது அம்மம்மா" என்று பிள்ளை சொன்னதும், "ஓ, சுழியோடினனான் எண்டு சொல்லன்" என்றார் அம்மா.

அம்மா கடற்கரைக்காரி அல்ல. ஒட்டுசுட்டான் பக்கத்தில் வளர்ந்தவர். அவருக்கு இந்தச் சொல் கிணற்றிலிருந்து வந்தது. கயிறு அறுந்து வாளி விழுந்தால் முதலில் பாதாளக்கரண்டியை விட்டுத் துழாவுவார்கள். அதற்கும் சிக்காவிட்டால் ஊரில் சுழியோடத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள். குளத்தில் குளிக்கும் பெடியங்களுக்கு அது விளையாட்டு. அடிவரை போனதற்குச் சாட்சியாக ஒரு பிடி சேற்றை அள்ளி வந்து, தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். விரல் இடுக்கால் கறுத்த சேறு வழியும். வெறுங்கையோடு வந்தவன் சுழியோடியதாகக் கணக்கில்லை.

சுழி, ஓடு என்ற இரண்டும் சேர்ந்த சொல் இது. சுழி என்பது நீர் வட்டமாகச் சுற்றும் இடம். குளத்து மதகை, அதாவது துருசைத் திறந்தால் அதற்கு மேலே குளத்துத் தண்ணீர் சுழித்துக்கொண்டு கீழே இறங்குவதை வன்னியில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தச் சுழியைப் போலவே மேலிருந்து அடிக்கு ஓடுகிறவர் சுழியோடி என்றே நான் பொருள் கொள்கிறேன். பிள்ளையார் சுழியும் தலைச்சுழியும் இதே சுழிதான்.

சரி, ஸ்கூபா? அது ஒரு சொல்லே அல்ல. தன்னிறைவான நீரடிச் சுவாசக் கருவி என்று பொருள்படும் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைக்காகச் சுவாசக் கருவி அமைத்த மருத்துவர் கிறிஸ்டியன் லாம்பர்ட்சனோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் முதுகில் கட்டும் கருவியின் மூலவடிவம், 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் செய்த அக்குவாலங். மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்து அமுக்கத்துக்கு ஏற்ற அளவில் காற்றை விடும் வால்வுதான் அதன் உயிர்நாடி. 'தன்னிறைவான' என்பதில்தான் பெயரின் முழுப் பொருளும் இருக்கிறது. பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போவதுபோல, இறங்குகிறவர் தன் காற்றைத் தானே கட்டிக்கொண்டு போகிறார். மேலே படகிலிருந்து குழாய் எதுவும் வராது.

இதைத் தமிழில் பலர் 'ஆழ்கடல் நீச்சல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையைப் பார்க்கத்தானே பெரும்பாலும் இறங்குகிறோம்? முருகை உயிரிகளின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிகளுக்கு வெயில் வேண்டும். அதனால் முருகைக்கற்பாறை வளர்வது ஒளி புகும் ஆழம் குறைந்த கடலில். புறாமலைத் தீவைச் சுற்றி மான்கொம்பு போலக் கிளைத்து நிற்பவை கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கின்றன. அது ஆழ்கடலும் இல்லை, அங்கே செய்வது வெறும் நீச்சலும் இல்லை. 'நீர்மூழ்கி' என்றாலோ கப்பல்தான் நினைவுக்கு வரும்.

'குளித்தல்' பழைய சொல், அழகான சொல். மன்னார்க் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி எல்லாம் அந்தக் காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன இடங்கள். முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். சலாபத்துறையே சிலாவத்துறை ஆயிற்று என்பர். முத்துக் குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, பல பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழத்துக்கு ஒரே மூச்சில் இறங்கி, கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பைக்குள் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். ஆனால் இன்றைக்குக் 'குளிக்கப் போகிறேன்' என்றால் யாரும் சவர்க்காரத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். முத்தையும் சங்கையும் விட்டால் அந்தப் பொருள் பேச்சில் தங்கவில்லை. சுழியோடலுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

அப்புறம், வெறும் சுழியோடல் என்று சொன்னால் போதுமா? இங்கேதான் கவனம் தேவை. முத்துக் குளித்தவரும் கிணற்றில் இறங்கியவரும் மூச்சை அடக்கினார்கள். சிலிண்டரோடு இறங்குகிறவர் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஒரே செயலுக்கு நேர் எதிரான இரண்டு விதிகள். ஆகவே பெயரும் இரண்டு வேண்டும்: மூச்சடக்கிச் சுழியோடல், வளிக்கலச் சுழியோடல். ஸ்கூபாவுக்கு இரண்டாவதையே நான் எழுதுகிறேன். இறங்குகிறவர் வளிக்கலச் சுழியோடி.

'ஒட்சிசன் சிலிண்டர்' என்று எழுதுவதும் பிழை. வழக்கமாக அந்தக் கலத்தில் இருப்பது நாம் மூச்சுவிடும் அதே வளி, அமுக்கி அடைத்தது. அதில் ஐந்தில் நாலு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நைதரசன். தூய ஒட்சிசன் ஆறு மீற்றருக்குக் கீழே போனால் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கலாம். அந்த நைதரசனும் ஆழத்தில் உடம்புக்குள் கரையும். நெடுநேரம் கீழே இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கி, கால் வழங்காமல் போகும் அளவுக்கும் அது கொண்டுபோய் விடலாம். சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிற எங்கள் கரையோரப் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில், விளங்குகிற சொல்லில் சொல்லியாக வேண்டும். நான் சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது அதற்காகத்தான்.

எழுதும்போது ஒன்று. 'சுளியோடி' என்று சிலர் எழுதுகிறார்கள். சுளிப்பது முகம். நீரில் இருப்பது சுழி, சிறப்பு ழகரம்.